பறவாப் பறவையின் கொழுப்பு

நுழையும்முன்

உடலில் சேரும் கொழுப்பை நோயோடும் சுமையோடும் சேர்த்தே இன்று பலரும் எண்ணுகின்றனர். உயிரினங்களின் வாழ்வில் அது பசிக்காலத்துக்கான சேமிப்பு. எவ்வுயிர் எப்போது எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பதில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தச் சேமிப்பை மனிதர் தம் வருவாயாகக் கணக்கிட்டபோது தமிழகத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் இப்பாடம் பேசுகிறது.

கழிமுகத்தில் ஒரு சிறு பறவை

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் பரந்துள்ளன. குளிர்காலத்தில் அங்கும் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்திலும் நீர் வடிந்த சேற்றுப்பரப்பில் கூட்டங்கூட்டமாக உள்ளான்கள் இரைதேடும். அவற்றுள் மிகச் சிறியது கொசு உள்ளான். அதன் எடை இருபது முதல் முப்பது கிராம்தான். வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிருக்கு அஞ்சித் தெற்கே வந்து, கோடை தொடங்கும்போது மீண்டும் வடக்கே புறப்படுகிறது.

புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் அது இடைவிடாமல் உண்ணும். உண்டதில் பெரும்பகுதி கொழுப்பாக மாறித் தோலின் அடியிலும் வயிற்றிலும் படியும். ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோகலோரி தரும். மேலும், உடல் மாவுச்சத்தைச் சேமிக்கும்போது அதனோடு நீரையும் சேர்த்தே சுமக்க வேண்டியுள்ளது, கொழுப்பு அவ்வாறன்று. குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைக் கொண்டுசெல்ல இயற்கை கண்ட வழி இது. ஆயினும் பறக்கும் பறவைக்கு ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறிக் கொழுத்தால் அது எழும்ப இயலாது, பருந்துக்கு இரையாகும்.

பறத்தலையே கைவிட்ட பறவைக்கு இந்த எல்லை இல்லை. தீக்கோழி, ஈமு, காசோவரி, ரியா, கிவி ஆகியன அத்தகையவை. 'பறவாப் பறவை' என்னும் தொடரில் 'பறவா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பறத்தலால் பெயர்பெற்ற உயிருக்கே பறவாமை அடையாகி வருவது தமிழுக்கு இனிய முரண். இப்பறவைகள் அனைத்தும் பறவாத ஒரே மூதாதையிடமிருந்து தோன்றின என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மரபணு ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. தென்னமெரிக்காவில் வாழும் பறக்கவல்ல தினமு என்னும் பறவை இக்குடும்பத்தின் நடுவே இடம்பெறுகிறது. எனவே, பறக்கும் ஆற்றலை இழத்தல் ஒருமுறை மட்டுமன்றிப் பலமுறை தனித்தனியே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கின்றனர்.

தந்தையின் நோன்பு

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஈமு ஏறத்தாழ ஆளுயரம் வளரும். நன்கு வளர்ந்த பறவை 35 முதல் 50 கிலோ எடையிருக்கும். அது எதற்காகக் கொழுப்பைச் சேர்க்கிறது? விடையை அறிய நம் வீட்டு அடைக்கோழியை நினைவுகொள்ள வேண்டும். கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் கோழி வளர்க்கும் பெண்களுக்கு இது நன்கு தெரியும்: அடைகாக்கும் கோழி 21 நாளும் பெரும்பாலும் முட்டைமேலேயே கிடக்கும், நாளுக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது தின்று, நீரருந்தித் திரும்பும், குஞ்சு பொரித்து எழும்போது மெலிந்திருக்கும்.

ஈமுவில் அடைகாப்பது சேவல். பெட்டை கரும்பச்சை நிற முட்டைகளை இட்டபின் விலகிவிடும். ஏறத்தாழ எட்டு வாரம் சேவல் முட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும். அந்நாள்களில் அது உண்பதில்லை என்றே சொல்லலாம். அருந்துவதும் மிகக் குறைவு. எழுந்து முட்டைகளைப் புரட்டிவிட்டு மீண்டும் அமரும். அது முன்பே முதுகுத்தோலின் அடியிலும் வயிற்றறையிலும் சேர்த்துவைத்த கொழுப்பே அதன் உணவு. நோன்பு முடியும்போது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். தென்துருவத்துப் பேரரசப் பெங்குவின் சேவல் இதனினும் கடிய நோன்பினது. அது மூன்று திங்களுக்கும் மேலாக உண்ணாதிருக்கும்.

இந்தச் சேமிப்புக்குப் பருவம் உண்டு. பகற்பொழுதின் நீளம் குறையத் தொடங்குவதை ஈமுவின் உடல் அறிந்துகொள்கிறது. பகல் குறுகும் மாதங்களே அதன் முட்டைக்காலம். ஆதலின் ஆஸ்திரேலியாவில் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் முட்டையிடும் இனம், இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டபின் அக்டோபர் முதல் பிப்ரவரி, மார்ச் வரையில் முட்டையிடலாயிற்று. அதற்கு முந்தைய மாதங்களே இங்கு அது கொழுக்கும் காலம். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

கல்லீரலில் தொடங்கும் வேலை

எலி போன்ற பல பாலூட்டிகளில் கொழுப்பு அமிலங்கள் கொழுப்புத் திசுவிலேயே பெருமளவு உருவாகின்றன. பறவைகளில் அவ்வேலை பெரும்பாலும் கல்லீரலில் நிகழ்கிறது. தின்ற தானியத்தின் மாவுச்சத்து குளுக்கோசாகிக் கல்லீரலை அடைகிறது. அங்குக் கொழுப்பு அமிலத் தொகுப்பு நொதி அதனின்று கிடைக்கும் சிறு துண்டுகளைக் கோத்து நீண்ட சங்கிலியாக்குகிறது. அச்சங்கிலிகள் புரதத்தோடு பொதியப்பட்டு இரத்தத்தில் செல்கின்றன. கொழுப்புத் திசுவின் வாயிலில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி பொதியைப் பிரித்து, கொழுப்பு அமிலங்களை உள்ளே விடுகிறது. பசிக்காலத்தில் வேறு நொதிகள் அவற்றை விடுவித்துத் தசைகளுக்கு அனுப்புகின்றன. பயிர் ஓரிடத்தில் விளைந்து, மூட்டையாகி, வேறிடத்துக் குதிரில் சேர்ந்து, தேவைப்படும்போது வெளிவருவது போன்றதே இது.

இவ்வொவ்வொரு நொதியும் ஒரு மரபணுவின் குறிப்பின்படி உருவாகிறது. குதிரையே கட்டுவிக்கும் மரபணுவும் உண்டு: பி.பி.ஏ.ஆர். காமா என்று குறிக்கப்படும் அது, முதிராத உயிரணுவைக் கொழுப்பைச் சேமிக்கும் உயிரணுவாக மாறச் செய்கிறது. பசியைக் கூட்டும், குறைக்கும் மரபணுக்கள் மூளையில் செயற்படுகின்றன. ஆகவே, 'கொழுப்பு மரபணு' என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்க, தீவனமும் பருவமும் அவற்றோடு கூட, கொழுப்பின் அளவு அமைகிறது.

எலியில் கண்டதைப் பறவைக்கும் அப்படியே ஏற்றிக்கூறுதல் எவ்வளவு பிழையாகும் என்பதற்கு லெப்டின் நல்ல சான்று. எலியின் கொழுப்புத் திசு சுரந்து, 'போதும்' என்று மூளைக்கு உணர்த்தும் இவ்வியக்குநீர் 1994ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. கோழியிலும் அதன் மரபணு கிடைத்துவிட்டது என்று சில ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டது; அது தவறு என்று பின்னர்த் தெரிந்தது. 2004ஆம் ஆண்டு கோழியின் மரபணுத்தொகை வெளியானபோதும் அம்மரபணு அகப்படவில்லை. பறவைகளின் உண்மையான லெப்டின் மரபணு 2010களில்தான் கிடைத்தது. அதுவும் பறவைகளின் கொழுப்புத் திசுவில் சுரப்பதாகத் தெரியவில்லை. கோழியோ ஈமுவோ, தான் போதுமான அளவு கொழுத்துவிட்டதை வேறு வழியில் அறிகிறது போலும்.

கொழுப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே கூண்டில் ஒரே தீவனம் தின்று வளர்ந்த கோழிகளுள்ளும் கொழுப்பு வேறுபடும். அவ்வேறுபாட்டில் எவ்வளவு பெற்றோரிடமிருந்து வந்தது என்பதை அளவிடுவது 'மரபுவழிப் பங்கு' எனப்படும். கோழியின் வயிற்றுக்கொழுப்பில் இப்பங்கு உயர்ந்தது. பிரான்சிலும், சீனாவின் ஹார்பினிலும் ஆய்வாளர்கள் ஒரே மந்தையிலிருந்து தொடங்கி, கொழுத்தவற்றைக் கொழுத்தவற்றோடும் மெலிந்தவற்றை மெலிந்தவற்றோடும் தலைமுறைதோறும் இணைத்து, கொழுத்த வழி, மெலிந்த வழி என இரண்டை உருவாக்கினர். தீவனம் ஒன்றே, கொழுப்போ வெவ்வேறு.

கணக்கு எளிது. ஒரு பண்ணையில் ஈமு ஒன்றுக்குச் சராசரியாக 6 கிலோ கொழுப்புக் கிடைக்கிறது என்று கொள்வோம். பெற்றோராகத் தேர்ந்தவற்றின் சராசரி 8 கிலோ. மரபுவழிப் பங்கு 0.4 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடாகிய 2 கிலோவை 0.4ஆல் பெருக்கினால் 0.8 கிலோ. அடுத்த தலைமுறையின் சராசரி 6.8 கிலோ என எதிர்பார்க்கலாம். எஞ்சிய 1.2 கிலோ தீவனத்தாலும் வாய்ப்பாலும் வந்தது. அது குஞ்சுகளுக்குச் செல்லாது.

கணக்கு எளிதாயினும் செயல் அரிது. கொழுப்பின் எடை, பறவையை அறுத்தபின்பே சரியாகத் தெரியும். அறுத்த பறவை பெற்றோராக இயலாது. எனவே உடன்பிறப்புகளையோ குஞ்சுகளையோ அளந்து, அதனைக்கொண்டு மதிப்பிட வேண்டும். அதற்குத் தலைமுறைக் குறிப்பேடு வேண்டும். கோழி ஐந்தாறு மாதங்களில் முட்டையிடத் தொடங்கும். ஈமுவுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். சேவலையும் பெட்டையையும் தோற்றத்தால் பிரித்தறிவதே கடினம். வளர்ந்த பெட்டை எழுப்பும் முரசொலி போன்ற குரலே பண்ணையாளருக்கு அடையாளம். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ள மந்தைகள் பலவும் சில பறவைகளின் வழிவந்தவை. நெருங்கிய உறவுகள் இணைந்தால் குஞ்சுகள் நலிவுறும்.

ஆகவேதான் உயிருள்ள பறவையின் குருதியிலோ இறகிலோ உள்ள மரபணுக் குறிகளைக்கொண்டு கொழுப்பை முன்னறிய முடியுமா என்று ஆய்வாளர்கள் முயல்கின்றனர். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள அபாஷிரியில் தோக்கியோ வேளாண் பல்கலைக்கழகத்தார் ஈமுவைப் பண்ணையில் வளர்த்து ஆய்ந்து வருகின்றனர். ஈமு இன்னும் முழுமையாக வீட்டுவளர்ப்புக்கு ஆட்பட்ட உயிரன்று. கோழியைப் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் தேர்ந்தெடுத்து வந்துள்ளனர். ஈமுவுக்கு அத்தகைய தேர்வு தொடங்கிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன.

தெரிந்து தெளிவோம்

தென்னாப்பிரிக்காவில் ஒருகாலத்தில் தீக்கோழி இறகு பெரும்பொருள் ஈட்டியது. ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளுக்கு அது அணியாயிற்று. இன்னும் அடர்ந்த இறகுடைய இனத்தைக் கலந்தால் வருவாய் பெருகும் என்று கருதிய அந்நாட்டு அரசு, 1911ஆம் ஆண்டு நைஜீரியாவின் வடபகுதிக்கு ஒரு குழுவை அனுப்பியது. அக்குழு நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளோடு திரும்பியது. கலப்பினத்தின் பயன் தெரியுமுன்பே, 1914இல் இறகுச் சந்தை சரிந்தது. முதல் உலகப்போரும், உயர்ந்த தொப்பிகளுக்கு இடந்தராத மோட்டார் வண்டியும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

பெருந்துறைக் கணக்கு

ஈமுவின் கொழுப்பை உருக்கி வடித்தால் கிடைக்கும் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி ஒலெயிக் அமிலம். ஆலிவ் எண்ணெயிலும் நிலக்கடலை எண்ணெயிலும் மிகுந்துள்ள அதே அமிலம்தான் இது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அவ்வெண்ணெயைத் தோலுக்கும் மூட்டுவலிக்கும் பூசிவந்தனர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஈமு வளர்ப்பு ஒரு மோகமாகப் பரவி, இணைப்பறவைகளின் விலை பல்லாயிரம் டாலர்களுக்கு உயர்ந்தது. அங்குப் பறவையை வாங்கியவர் பெரும்பாலும் இறைச்சியையோ எண்ணெயையோ விற்கவில்லை. அடுத்து வளர்க்க விரும்பியவருக்குக் குஞ்சுகளை விற்றனர். புதிதாக வளர்க்க விரும்புவோர் குறைந்ததும் விலை வீழ்ந்தது. அப்பத்தாண்டு முடியுமுன் பலர் பறவைகளைத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஈமு ஆந்திரத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களை அடைந்தது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு பண்ணை நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதனைப் போன்ற வேறு நிறுவனங்களும் தோன்றின. திரைப்பட நடிகர்கள் விளம்பரங்களில் தோன்றினர். செய்தித்தாள்களில் வந்தபடி அத்திட்டம் இது: ஒன்றரை இலட்சம் ரூபாய் செலுத்துபவருக்கு ஆறு குஞ்சுகள் தரப்படும், கொட்டகையும் தீவனமும் நிறுவனத்தின் பொறுப்பு, மாதந்தோறும் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை, இரண்டாண்டு முடிவில் செலுத்திய பணம் திரும்பக் கிடைக்கும்.

பதினோராம் வகுப்பு மாணவர் எவரும் போடக்கூடிய கணக்கு இது. இரண்டாண்டில் பராமரிப்புத் தொகை 1,44,000 ரூபாய். ஊக்கத்தொகை 40,000 ரூபாய். ஆக 1,84,000 ரூபாய். இதனை ஆறு பறவைகள் ஈட்டித்தர வேண்டும். பறவை ஒன்றுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது; நாளுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை தின்னும் தீவனத்தின் விலை தனி. நன்கு வளர்ந்த பறவை 7 கிலோ கொழுப்புத் தருமென்று கொண்டாலும், கொழுப்பின் விலை மட்டும் கிலோவுக்கு 4,300 ரூபாயைத் தாண்ட வேண்டும். இறைச்சியையும் தோலையும் சேர்த்தால் இத்தொகை குறையும். ஆயின் ஈமு இறைச்சியைத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் வாங்கின? கடலூரிலோ சிதம்பரத்திலோ மீனங்காடிக்கும் கோழிக்கடைக்கும் செல்பவர் அதனைக் கேட்டதுண்டா?

இத்தனை வாக்குறுதிகளுக்கும் அடிப்படை, பறவையின் முதுகில் சேரும் கொழுப்பே. அக்கொழுப்பை மிகுவிக்கத் தலைமுறைக் குறிப்பேடு தேவை, தேர்வு தேவை, பல ஆண்டுப் பொறுமை தேவை. அன்று குஞ்சுகளை வாங்கிய உழவர்களுக்கு அவற்றின் தாய்தந்தை எவை, அவை எவ்வளவு கொழுப்புத் தந்தன என்று சொல்ல எவரும் இல்லை. சொந்த நிலத்தை அடகுவைத்தும், ஓய்வூதியப் பணத்தைக் கொண்டும் முதலிட்டவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை எனக் கூறுவது எளிது. மாதத்தின் முதல் வாரத்தில் தவறாமல் பணம் பெற்ற அண்டை வீட்டாரைக் கண்ட ஒருவருக்கு இக்கேள்விகள் தோன்றுவது அத்துணை எளிதன்று.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெருந்துறை நிறுவனம் முடங்கியது. முதலீட்டாளர்கள் காவல்துறையை நாடினர். தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், 1997இன்கீழ் வழக்குகள் பதிவாயின. அதுவரை நிறுவனத்திடமிருந்து வந்த தீவன மூட்டைகள் நின்றன. ஆயிரக்கணக்கான ஈமுக்கள் கம்பிவேலிக்குள் பசியோடு நின்றன; பல இறந்தன. பிறகு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை தீவனம் வழங்க முன்வந்தது.

அந்நாள்களில் அப்பறவைகளின் உடலுக்குள் நிகழ்ந்ததை, மேலே கண்ட செய்திகளைக்கொண்டே அறியலாம். ஆகஸ்டு மாதம், இங்கு அவை முட்டைக்காலத்துக்கெனக் கொழுக்க வேண்டிய பருவம். அப்பருவத்தில் உணவு நின்றது. குளுக்கோசு வரத்து இன்மையால் கல்லீரல் கொழுப்பு உருவாக்குவதை நிறுத்தியது. குதிரைத் திறக்கும் நொதிகள் செயற்படத் தொடங்கின. முதுகுத்தோலின் அடியிலிருந்த கொழுப்பு நாளுக்குநாள் கரைந்து, தசைக்கும் இதயத்துக்கும் எரிபொருளாயிற்று. ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு ஈடாகக் காட்டப்பட்ட அந்தக் கொழுப்பு, பறவைக்கு அது எதற்கென அமைந்ததோ அதற்கே பயன்பட்டது. சேவலுக்கும் பெட்டைக்கும் அது ஒன்றுபோலவே நிகழ்ந்தது. அடியில் முட்டைகள்தாம் இல்லை. முன்பே நன்கு கொழுத்திருந்தவை தீவனம் வரும்வரை தாங்கின. சேமிப்புத் தீர்ந்தவற்றின் உடல் தன் தசைப் புரதத்தையே சிதைக்கத் தொடங்கியது. அந்நிலையை அடைந்தவை நெடுநாள் நிற்கவில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் நாட்டுக்கோழி வளர்ப்பவரிடம், அடைக்கு வைக்கும் கோழியை அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

சராசரி 6 கிலோ, தேர்ந்த பெற்றோரின் சராசரி 9 கிலோ, மரபுவழிப் பங்கு 0.3 எனில், அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்கக்கூடிய சராசரியைக் கணக்கிடுக.

இதுபோன்ற முதலீட்டு விளம்பரம் ஒன்றைக் கண்டால் நிறுவனத்தாரிடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை உருவாக்கி வகுப்பில் கலந்துரையாடுக.